விரல் காட்டிய இடம்

என் மகன் முதல் நாளே சரியான இடத்தைத்தான் காட்டினான். ஆள்காட்டி விரலை நெஞ்சின் நடுவில், சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு மேல் வைத்து, "இங்கே வலிக்கிறது அம்மா" என்றான். நான் டார்ச் விளக்கை எடுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னேன். அடுத்த நான்கு நாட்கள் அவனைப் பார்த்த எல்லோரும் அதையேதான் செய்தோம். அவன் விரல் நெஞ்சில் இருந்தது. நாங்கள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அவனுக்கு ஏழு வயது, 21 கிலோ எடை. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட மருத்துவமனையில் படுத்ததில்லை. தடுப்பூசிகள் எல்லாம் ஒழுங்காகப் போட்டவன். தூசி பட்டால் மூக்கில் நீர் ஒழுகும், தும்முவான், அவ்வளவுதான். அவனுக்கு வந்தது உணவுக்குழாயில் வைரஸ் தொற்று என்று பிறகு தெரிந்தபோது, "இது நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குத்தானே வரும்?" என்று உறவினர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. இதே பயத்தோடு வேறு ஒரு தாய் விழித்துக்கொண்டிருக்கக்கூடும். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஐப்பசி மாதம், தூத்துக்குடியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாளை மீன் குழம்பு. மாலையில் காய்ச்சல் 102. இரவு தோசையைப் பிய்த்து வாயில் வைத்தவன் துப்பிவிட்டான். "விழுங்கினால் வலிக்கிறது" என்றான். எங்கள் ஊரில் மீன் சாப்பிட்ட பிள்ளை இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் வருவது ஒரே நினைப்புதான்: முள்.

என் அத்தை, அதாவது அவனுடைய ஆச்சி, நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். எத்தனையோ முட்களைச் சோற்று உருண்டையாலேயே இறக்கியவர். அன்றும் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, "மெல்லாமல் அப்படியே முழுங்கு ராசா" என்று ஊட்டினார். அவனும் ஆச்சி சொல் தட்டாமல் விழுங்கினான். முதலில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் உடம்பு அப்படியே விறைத்தது. இரண்டு கைகளாலும் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு முதுகை வளைத்தான். சத்தமே வரவில்லை, கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. பிறகு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான்.

அந்த இரண்டு மூன்று விநாடிகளை இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். தொண்டைப் புண் என்றால் விழுங்கும் கணத்திலேயே முகம் சுளிக்கும். இவனுக்கோ விழுங்கிய கவளம் தொண்டையைத் தாண்டி, நெஞ்சுக்குள் இறங்கும்போதுதான் வலி வந்தது. பின்னாளில் மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஒரு தகவலே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது" என்றார். நான் அதைக் கண்ணால் பார்த்திருந்தேன். அதற்கு ஒரு பொருள் உண்டென்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குப் போனோம். ஊரெங்கும் காய்ச்சல் பரவியிருந்த நேரம், வாசல் வரை வரிசை. தொண்டை லேசாகச் சிவந்திருக்கிறது என்று சொல்லி ஆண்டிபயாடிக் மருந்தும், பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் சேர்ந்த காய்ச்சல் சிரப்பும் எழுதிக் கொடுத்தார்கள். அன்று வந்த மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுவே பொருத்தமாகக்கூட இருந்திருக்கும். எங்கள் மேலும் தவறு உண்டு. "தொண்டை வலி" என்றுதான் நான் சொன்னேன். நெஞ்சு என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. பிள்ளை சொன்னதை என் சொல்லில் மொழிபெயர்த்துவிட்டேன்.

வீட்டில் வைத்தியம் தொடர்ந்தது. கற்பூரவல்லிச் சாறு, மிளகுக் கஷாயம், பூண்டு தட்டிப் போட்ட சூடான ரசம். சளிக்கும் இருமலுக்கும் நாங்கள் நம்பும் கைமருந்துகள் அவை. உள்ளே தோல் உரிந்து கிடக்கும் ஒரு குழாயில் அவற்றை ஊற்றுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மடக்குக்கும் அவன் அலறினான். நாங்கள் "அடம் பிடிக்கிறான்" என்றோம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

செவ்வாய்க்கிழமை அவன் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. ஒரு துண்டை மடியில் வைத்துக்கொண்டு அதில் வழியவிட்டான். படுத்தால் வலி கூடுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். காய்ச்சல் 103. முள் சந்தேகம் தீரவில்லை என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார், கழுத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முள் இல்லை. தொண்டையில் புண்ணும் இல்லை. வாயில், ஈறில், நாக்கில் ஒரு கொப்புளம்கூட இல்லை. எங்களுக்கு நிம்மதி வந்தது, குழப்பமும் வந்தது.

புதன்கிழமை தெருவில் ஒரு பெரியம்மா, "இது தொக்கம், எடுத்தால் உடனே சரியாகும்" என்றார். தென் மாவட்டங்களில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சாப்பிட்டது குடலில் சிக்கிக்கொண்டது என்று சொல்லி, வயிற்றிலும் தொண்டையிலும் எண்ணெய் தடவி நீவி, வாய்க்குள் விரலை விட்டு, எதையோ எடுத்துக் காட்டுவார்கள். பதறிப்போன தாயின் கண்ணுக்கு அந்தத் துணுக்கு பெரிய ஆறுதல். நானும் அவனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே ஒரு கைக்குழந்தைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதன் அழுகை கேட்டது. என் மகன் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு, "அம்மா, வாயில் கை வைக்க வேண்டாம் என்று சொல்" என்றான். எச்சில் என் தோளில் வழிந்துகொண்டிருந்தது. எச்சிலையே விழுங்க முடியாத பிள்ளையின் தொண்டைக்குள் யாரோ ஒருவரின் விரல் போவதா என்று அந்தக் கணம் தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன். உணவுக்குழாயின் உட்சுவர் புண்ணாகித் தொட்டாலே இரத்தம் கசியும் நிலையில் அன்று இருந்தது என்று இரண்டு நாள் கழித்துப் படத்தில் பார்த்தேன். தொக்கம் எடுப்பது எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். விழுங்கினால் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு அது பேராபத்து.

வியாழக்கிழமை காலையில் என் கணவர்தான் கேட்டார்: "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, அதுவும் அடர் மஞ்சளாகக் கொஞ்சம். பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உதடு வெடித்திருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஞாயிறன்று பொலபொலவென்று கொட்டிய அதே கண்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரமும் காத்திருக்கவில்லை. காரில் மதுரைக்குப் புறப்பட்டோம்.

என்ன நோய் என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. சிறுநீரை எண்ணுவது நம் வேலை. விழுங்க மறுக்கும் பிள்ளை எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல் இருந்தால், நாக்கு உலர்ந்து, கண்ணீரில்லாமல் அழுதால், காரணம் தெரியாவிட்டாலும் டிரிப்ஸ் ஏற்றும் வசதியுள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். நான் ஒரு நாள் தாமதமாகப் போனேன்.

மதுரையில் குழந்தைகளுக்கான குடல் இரைப்பை மருத்துவர் பார்த்தார். முதலில் நரம்பில் ஊசி ஏற்றித் திரவம் ஓடவிட்டார்கள். பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்து, என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டார்: "எங்கே வலிக்கிறது தம்பி? ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டு." அவன் மூன்றாவது பொத்தானைத் தொட்டான். ஐந்து நாளாகத் தொட்ட அதே இடம்.

பிறகு கேள்விகள் என் பக்கம் திரும்பின. பொத்தான் வடிவப் பேட்டரி எதையாவது விழுங்கியிருக்க வாய்ப்பு உண்டா? (உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுவரைக் கருக்கத் தொடங்கிவிடும் என்பதால் இதை எல்லாவற்றுக்கும் முன் கேட்கிறார்கள். நெஞ்சுக்கு ஓர் எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டார்கள்.) கழிவறை கழுவும் திரவம் எதையாவது குடித்தானா? மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினானா? சில மாத்திரைகள் குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடுமாம். மருந்துக்கடையில் கலந்து கட்டிக் கொடுக்கும் பொட்டலம் ஏதாவது கொடுத்தீர்களா? அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்றை அது வளர்த்துவிடக்கூடும். நல்ல வேளை, அதைக் கொடுக்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார்: "வீட்டில் யாருக்காவது சமீபத்தில் உதட்டில் கொப்புளம் வந்ததா?"

எனக்கு வந்திருந்தது. பத்து நாட்களுக்கு முன் கீழுதட்டின் ஓரத்தில் கொத்தாக நாலைந்து சின்னக் கொப்புளங்கள். வருடத்துக்கு ஒரு முறை எனக்கு வருவதுதான். சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி நெய் தடவிக்கொள்வேன். அந்த நாட்களில் அவன் குடித்து வைத்த பாலை நான் முடித்திருக்கிறேன், என் டம்ளரில் அவன் தண்ணீர் குடித்திருக்கிறான், முத்தம் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எண்டோஸ்கோப்பி. இந்தச் சொல்லைக் கேட்டதுமே வயிற்றைப் பிசையும் பெற்றோருக்குச் சொல்கிறேன், நாங்கள் பயந்த அளவுக்கு அது இல்லை. திட உணவென்றால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், அவன் உண்ணாமலேயேதான் இருந்தான். மயக்க மருந்து கொடுத்து, முனையில் கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக இறக்கினார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. கதவுக்கு வெளியே நான் நின்றது இருபது நிமிடம்தான். மயக்கம் தெளிந்தவன் கேட்ட முதல் கேள்வி, "முள் எடுத்துவிட்டார்களா?"

மருத்துவர் படங்களைத் திரையில் காட்டினார். மேலே, தொண்டையை ஒட்டிய பகுதி ஏறக்குறையச் சாதாரணமாக இருந்தது. நடுவிலிருந்து கீழே போகப் போக, இளஞ்சிவப்புச் சுவரில் சின்னச் சின்ன வட்டப் புண்கள். ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, விளிம்பு மஞ்சளாக மேடிட்டு, எரிமலை வாயை மேலிருந்து பார்ப்பது போல் இருந்தது. அடிப்பகுதியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, வெள்ளைப் படலம் போர்த்தி, கருவி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது. அந்த வழியாகத்தான் நெய்ச்சோற்று உருண்டையும் மிளகுக் கஷாயமும் போயின.

பயாப்சிக்குச் சதைத் துணுக்குகளைப் புண்ணின் விளிம்பிலிருந்து எடுத்தோம் என்றார். ஏன் நடுவிலிருந்து இல்லை என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். உணவுக்குழாயின் உட்பக்கமும் தோலைப் போலவே அடுக்கடுக்கான தட்டைச் செல்களால் ஆனது. அவர் சந்தேகித்த ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் அந்தச் செல்களுக்குள்தான் பெருகும். புண்ணின் நடுவில் அவை செத்து உதிர்ந்துவிட்டன, உயிரோடு மிஞ்சியிருப்பது விளிம்பில்தான். சைட்டோமெகலோ என்ற வேறொரு வைரஸ் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் புண்ணின் அடியிலிருந்து எடுப்பார்களாம், அது குடியிருக்கும் இடம் அது. ஒரே குழாய்க்குள் இரண்டுக்கும் இரண்டு முகவரி.

ஹெர்பீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நான் செய்த தவறு, கைப்பேசியில் தேடியது. பாலுறவால் பரவும் நோய் என்று முதலில் வந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் தாய்க்கு அப்போது என்னென்ன தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் சுற்று வந்த இளம் பெண் மருத்துவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இது முதல் வகை, உதட்டில் கொப்புளமாக வருவது. எச்சில் வழியாக, சாதாரணக் கொஞ்சலில், ஒரே டம்ளரில் பரவுவது. உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் இது இருக்கிறது, அவர்களில் பலருக்கு அது தெரியாது என்றார். முகத்து நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடந்து, உடம்பு களைத்திருக்கும் நேரத்தில் உதட்டுக்கு வந்து போகும். அதுதான் என் சூட்டுக் கொப்புளம். "உங்களிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பள்ளித் தண்ணீர் பாட்டிலிலிருந்தும் வந்திருக்கலாம். உங்களையே நீங்கள் தண்டித்துக்கொள்ள வேண்டாம்" என்றார். அவர் அந்த ஐந்து நிமிடம் நின்று பேசியதை நான் மறக்க மாட்டேன்.

அந்தக் கேள்வியையும் அவரிடமே கேட்டேன்: இவனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? உணவுக்குழாயில் இந்த வைரஸ் பெரும்பாலும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோரைத்தான் தாக்கும் என்பது உண்மைதான். ஆனால் முழு ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் வருகிறது, அரிதாக. மருத்துவ இதழ்களில் பதிவாகியிருப்பவற்றில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளே அதிகம். பெரும்பாலானோருக்கு வாயில் எந்தப் புண்ணும் தெரியாது. எங்களைத் திசைதிருப்பியதும் அதுதான். திடீர்க் காய்ச்சல், விழுங்கினால் வலி, நெஞ்செலும்புக்குப் பின்னால் வலி, இந்த மூன்றும் சேர்ந்து வருவதே அடையாளம். பூஞ்சைத் தொற்று என்றால் வலி மெல்ல மெல்லக் கூடலாம், இது ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும் என்றார்.

சந்தேகத்தை அப்படியே விட்டுவிடாமல் இரத்தத்தில் வெள்ளையணுக் கணக்கும், நோய் எதிர்ப்புப் புரதங்களின் அளவும் பார்த்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு எங்கள் ஒப்புதலைக் கேட்டார்கள். அத்தைக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. "என் பேரனுக்கா?" என்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்தத் தாளை உறவினர் யாரிடமும் காட்டவில்லை, காட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இரவில் விழிப்பு வரும்போது எனக்கு அது வேண்டியிருந்தது. இந்தப் பரிசோதனையைக் கேட்டால் பெற்றோர் கோபப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் குற்றம் சாட்டவில்லை, ஒரு கதவை மூடப் பார்க்கிறார்கள்.

மருந்து அசைக்ளோவிர். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும், மருந்து கொடுத்தால் விரைவாக ஆறக்கூடும் என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார். இவன் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலையில் இருந்ததால் பயாப்சி முடிவுக்குக் காத்திராமல் எண்டோஸ்கோப்பி முடிந்த அன்றே தொடங்கிவிட்டார். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நரம்பு வழியாக, ஒரு மணி நேரம் மெல்ல ஓடும்படி. வேகமாக ஏற்றினாலோ உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடக்கூடும். அதனால்தான் முதல் நாளே திரவம் ஏற்றியதும், ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்து எழுதியதும். இரவு நர்ஸ் அளவுக் குவளையோடு வரும்போதெல்லாம் நான் மனதுக்குள் அவருக்குக் கும்பிடு போட்டேன்.

இந்த மருந்தைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்ட ஒன்று எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. உடம்புக்குள் போனதும் அது உடனே வேலை செய்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லில் மட்டும், அந்த வைரஸின் சொந்த நொதியே அதைத் தூண்டிவிடுகிறது. நல்ல செல்லில் ஏறக்குறையச் சும்மா இருக்கும். எதிரி தன் கையாலேயே திரியைக் கொளுத்துவது போல. இந்த மருந்து உருவான ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியான் 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். என் பிள்ளையின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிய திரவத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பல ஆண்டு உழைப்பு இருந்தது என்பதை அந்த வார்டில் உட்கார்ந்து படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, அதாவது நோய் தொடங்கி ஒரு வாரத்தில், அவனாகவே "இளநீர்" என்றான். ஃபிரிட்ஜில் வைத்த இளநீரை ஒரு தேக்கரண்டி எடுத்தேன். வாயில் வாங்கி, கண்ணை மூடி, கன்னத்தில் அதக்கி வைத்துக்கொண்டான். நான் எண்ணத் தொடங்கினேன். தொண்டை மேலேறி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. உடம்பு விறைக்குமோ என்று அவன் தோளில் கை வைத்திருந்தேன். நான்கு. ஐந்து. கண்ணைத் திறந்து, "இன்னும் கொஞ்சம்" என்றான். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களின் சமையலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகத் தடவித் தடவிக் கற்றேன். சூடு ஆகாது, புளிப்பு ஆகாது, காரம் ஆகாது, மொறுமொறுப்பு ஆகவே ஆகாது. ஆறிய பால், ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி, நன்றாகக் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்த கேழ்வரகுக் கஞ்சி, இளநீர் ஆகியவை முதலில் இறங்கின. மோர் நல்லது என்று நினைத்தேன், லேசாகப் புளித்திருந்தாலே எரிந்தது. மூன்றாம் நாள் இட்லியின் ஓரத்தை நீக்கி, பாலில் ஊறவைத்து மசித்துக் கொடுத்தேன். குழைந்த சோற்றில் பருப்புத் தண்ணீர் விட்டு, உப்பைக் குறைத்து. ரசம் இரண்டு வாரம் கிட்டவே வரவில்லை. ஒரு தேக்கரண்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் அவன் தலையசைக்கும் வரை காத்திருந்தேன். அவசரப்பட்டு ஊட்டிய இரண்டு முறையும் பயந்துபோய் அரை நாள் வாயை மூடிக்கொண்டான். வலி போன பிறகும் வலிக்குமோ என்ற பயம் ஒரு வாரம் இருந்தது. அது அடம் இல்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், இபுபுரூஃபன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் இடத்தை அது மேலும் நோகடிக்கக்கூடும் என்பதால். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்தும் சில வாரம் இருந்தது.

பயாப்சி முடிவு வந்தது. பல உட்கருக்கள் ஒன்றாகத் திரண்ட செல்கள், உட்கரு கண்ணாடி போல் மங்கியிருப்பது, இந்த வைரஸின் அடையாளங்கள் எல்லாம் இருந்தன. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன பி.சி.ஆர். பரிசோதனையைத் திசுவில் செய்ததிலும் முதல் வகை ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் உறுதியானது. வாயால் மருந்து விழுங்கத் தொடங்கியதும் நரம்பு ஊசியை எடுத்துவிட்டு, மிச்ச நாட்களுக்கு அதே மருந்தை வாய்வழியாக எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கங்கே தென்பட்டன.

வீட்டுக்குப் போகும் மகிழ்ச்சியில் நாங்கள் அந்த வரியைத் தாண்டிவிட்டிருப்போம். மருத்துவர் விடவில்லை. ஒவ்வாமையால் உணவுக்குழாயில் இந்த அணுக்கள் குவிந்து, சுவர் தடித்துப்போகும் ஒரு நீண்டகால நோய் உண்டு. அப்படி ஏற்கெனவே நலிந்த குழாயில் வைரஸ் எளிதாகப் பற்றிக்கொள்ளலாம். ஆரோக்கியமான பிள்ளை என்று நாம் நினைக்கும் சிலருக்கு இந்த வைரஸ் வந்த பிறகுதான் அந்த நோயே வெளியில் தெரிகிறது. அதே சமயம் வைரஸ் தொற்றினாலேயே இந்த அணுக்கள் கொஞ்சம் வந்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று புண் ஆறிய பிறகுதான் சொல்ல முடியும். "எட்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறானே என்று வராமல் இருந்துவிடாதீர்கள்" என்றார்.

பிறகு அவன் சாப்பிடும் விதத்தைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பானா? சாப்பிட்டு முடிக்க மற்றவர்களைவிட நேரம் ஆகுமா? சப்பாத்தி, இறைச்சித் துண்டு போன்றவற்றைத் தவிர்ப்பானா? சோறு நெஞ்சில் நிற்கிறது என்று எப்போதாவது சொன்னானா? நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியாக எழுந்திருப்பவன் அவன்தான். சப்பாத்தி என்றால் குருமாவில் ஊறவைத்துக் குழைத்துத்தான் தின்பான். அதை அவன் சுபாவம் என்று வைத்திருந்தோம். பிள்ளைகள் தங்கள் உடம்பின் குறைக்கு ஏற்ற மாதிரி தாங்களே பழகிக்கொள்வார்கள், நமக்கு அது குணமாகத் தெரியும்.

அந்த எட்டு வாரமும் அவன் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வாய்க்கு எத்தனை மடக்குத் தண்ணீர் என்று ஒரு நோட்டில் எழுதினேன். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பிள்ளை ஓடி ஆடுகிறான், எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறான், திரும்ப ஒரு முறை மயக்க மருந்தா என்றார்கள். தை பிறந்ததும் நானே பிடிவாதமாக அழைத்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது படத்தில் குழாய் முழுவதும் வெளிறிய இளஞ்சிவப்பாக, ஈரமாக, வழவழப்பாக இருந்தது. எரிமலை வாய் ஒன்றுகூட இல்லை, தழும்பும் இல்லை. மேல், நடு, கீழ் என்று பல இடங்களில் துணுக்கு எடுத்தார்கள். நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 15 இயோசினோபிலோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்த நோயைச் சந்தேகிப்பார்களாம். இவனுக்கு எல்லா இடத்திலும் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. மெதுவாகச் சாப்பிடுவது அவன் சுபாவம்தான்.

இரண்டு எண்டோஸ்கோப்பியின் படங்களும் பயாப்சி அறிக்கைகளும் பீரோவில் ஒரே கோப்பில் இருக்கின்றன. இனி எந்த மருத்துவரிடம் போனாலும் அதை எடுத்துப் போகிறோம். திரும்ப வருவது அரிது என்றார்கள், மூன்று ஆண்டுகளில் வரவில்லை. அத்தை இப்போது தெருவில் எந்தப் பிள்ளைக்கு விழுங்கினால் வலி என்றாலும் சோற்று உருண்டை பிடிப்பதில்லை. பிள்ளையை மடியில் உட்காரவைத்து, "ஒரு விரலால் தொட்டுக் காட்டு கண்ணு" என்கிறார்.

எனக்கு அந்தக் கொப்புளம் போன சித்திரையிலும் வந்தது. வருவதற்கு முந்தைய நாள் உதட்டோரம் குறுகுறுக்கும், அப்போதே தெரிந்துவிடும். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிரும் வரை எனக்கென்று ஒரு டம்ளர், ஒரு துண்டு, முத்தம் கிடையாது. கொப்புளத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, அதைத் தூக்குவதில்லை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். டம்ளர் மாறிவிடாமல் இருக்க அதன் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருக்கிறேன்.